இரவல் நூலகச் செயலியில் திரைகளை இணைத்த அனுபவம்

வாட்ஸ்அப் குழுவில் பகிரப்பட்ட ஒரு நூலின் இணைப்பைத் தொட்டால் செயலி திறந்து நேராக அந்த நூலின் பக்கத்துக்குப் போக வேண்டும். அங்கிருந்து பின் பொத்தானை அழுத்தினால் செயலி மூடிக்கொள்ளாமல் நூல் பட்டியலுக்கு வர வேண்டும். இந்தப் பணியில் கடைசி வரை எஞ்சியிருந்த தேவை இதுதான். அது இப்போது ஆண்ட்ராய்டில் ஒழுங்காக இயங்குவதால், தொடக்கத்திலிருந்து எதை எந்த வரிசையில் செய்தேன், எங்கே வழி மாற வேண்டியிருந்தது என்பதை எழுதி வைக்கிறேன்.

செயலி எங்கள் குடியிருப்பின் வாசகர் வட்டம் நடத்தும் சிறிய இரவல் நூலகத்துக்கானது. ஏறத்தாழ 600 நூல்கள் உள்ளன. உறுப்பினர்களில் பெரும்பாலோர் ஆண்ட்ராய்டு வைத்திருக்கிறார்கள், சிலர் ஐபோன் வைத்திருக்கிறார்கள் என்பதால், ஒரே நிரலிலிருந்து இரண்டுக்கும் செயலி எடுக்க உதவும் ரியாக்ட் நேட்டிவை, அதற்கான கருவித் தொகுப்பான எக்ஸ்போ வழியாகப் பயன்படுத்தினேன். திரைகளுக்கிடையே செல்வதற்கு ரியாக்ட் நேவிகேஷன் என்ற பேக்கேஜின், அதாவது ஆயத்த நிரல் தொகுப்பின், 7ஆம் பதிப்பு. கோப்புகளின் இருப்பிடத்தைக் கொண்டே வழிகளை அமைத்துத் தரும் எக்ஸ்போ ரூட்டரும் இருக்கிறது. அதுவும் ரியாக்ட் நேவிகேஷன் மீதுதான் கட்டப்பட்டது. ஆனால் எந்தத் திரை எந்த அடுக்கில் இருக்கிறது என்பது ஒரே கோப்பில் கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்று விரும்பியதால் அதைத் தவிர்த்தேன்.

நிரல் எழுதுவதற்கு முன் ஓர் ஏ4 தாளில் திரைகளைக் கட்டங்களாக வரைந்து, முன்னே செல்லும் வழிகளை நீல மையிலும் திரும்பி வரும் வழிகளைச் சிவப்பு மையிலும் கோடிட்டேன். நீலக் கோடுகளைப் போடுவதில் சிக்கல் எதுவும் இல்லை. சிவப்புக் கோடுகளைப் போடும்போதுதான் கேள்விகள் எழுந்தன. நூல் பக்கத்துக்குப் பட்டியலிலிருந்து வரலாம், தேடலிலிருந்து வரலாம், ஆசிரியர் பக்கத்திலிருந்து வரலாம், திரையின் அடியில் உள்ள ‘என் இரவல்’ டேபிலிருந்து வரலாம், செயலிக்கு வெளியே ஓர் இணைப்பிலிருந்தும் வரலாம். ஒவ்வொன்றிலும் பின் பொத்தான் எங்கே கொண்டுபோக வேண்டும்? பின்னால் எனக்கு நேரம் பிடித்த இடங்கள் அத்தனையும் அந்தத் தாளில் சிவப்புக் கோடு தடுமாறிய இடங்களாகவே இருந்தன. முன்னே செல்வதற்கு ஒரு வரி நிரல் போதும். திரும்பி வருவதைத்தான் வடிவமைக்க வேண்டியிருக்கிறது.

நிறுவுவதைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. ரியாக்ட் நேவிகேஷனின் அடிப்படைப் பேக்கேஜுடன் ‘ரியாக்ட் நேட்டிவ் ஸ்க்ரீன்ஸ்’, ‘சேஃப் ஏரியா கான்டெக்ஸ்ட்’ ஆகிய இரண்டும் வேண்டும். அதன் மேல், திரைகளை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கும் நேட்டிவ் ஸ்டாக்கும், கீழே டேப் பட்டையைத் தரும் பாட்டம் டேப்ஸும். நேட்டிவ் பகுதி (போனின் இயங்குதளத்துக்கே உரிய நிரல்) உள்ள பேக்கேஜ்களை என்பிஎம் என்ற பொதுவான நிறுவும் கருவி மூலம் நேரடியாகப் போடாமல் ‘எக்ஸ்போ இன்ஸ்டால்’ கட்டளையால் போடுவதே நல்லது. நம்மிடம் உள்ள எக்ஸ்போ பதிப்புக்குப் பொருந்தும் பதிப்பு எண்ணை அதுவே தேர்ந்தெடுக்கும். இல்லையென்றால் பில்டு (நிரலைச் செயலியாக மாற்றும் வேலை) பாதியில் நின்றுவிட்டு, காரணம் தெரியாமல் தேட நேரும். இணையத்தில் கிடைக்கும் வழிகாட்டிகளில் எந்தப் பதிப்புக்கு எழுதப்பட்டது என்பதையும் முதலில் பார்த்துக்கொள்ள வேண்டும். ரியாக்ட் நேவிகேஷன் 2017இல் வந்தது. 2020இல் வந்த 5ஆம் பதிப்பில் அமைக்கும் முறையே மாறியது. 2024 நவம்பரில் வந்த 7ஆம் பதிப்பு, திரைகளை ஒரு பொருளாக அடுக்கி எழுதும் ஸ்டாட்டிக் முறையைச் சேர்த்ததோடு, ஒரு திரைக்குச் செல்லச் சொல்லும் ‘நேவிகேட்’ என்ற கட்டளையின் நடத்தையையும் மாற்றிவிட்டது. அந்த மாற்றம் எனக்கு நேரடியாகப் பயன்பட்டது. அதைக் கீழே சொல்கிறேன்.

முதல் அமைப்பில் கீழே நான்கு டேப்கள், ஒவ்வொரு டேபுக்குள்ளும் தனித்தனி ஸ்டாக் என்று வைத்தேன். பல செயலிகளில் இப்படித்தான் இருக்கிறது. ஆனால் நூல் பக்கத்துக்கு எல்லா டேபிலிருந்தும் வர வேண்டியிருந்ததால் அதே திரையை நான்கு ஸ்டாக்கிலும் பதிவுசெய்ய நேர்ந்தது. மேலே டேபின் தலைப்புப் பட்டையும் ஸ்டாக்கின் தலைப்புப் பட்டையும் ஒன்றன்கீழ் ஒன்றாக இரண்டு வந்தன. டேபில் தலைப்புப் பட்டையைக் காட்டும் ‘ஹெடர் ஷோன்’ அமைப்பை அணைத்ததும் அது தீர்ந்தது. அட்டைப் படத்தைப் பெரிதாகப் பார்க்கும் திரையிலும் கீழே டேப் பட்டை நின்றுகொண்டிருந்ததுதான் தீரவில்லை. அந்தத் திரைக்கு மட்டும் பட்டையை மறைக்க நிபந்தனை எழுதினால், திரை மாறும்போது பட்டை சட்டென்று மறைந்து உள்ளடக்கம் ஒரு முறை குதித்தது.

சரியான வழி அமைப்பைத் தலைகீழாக்குவதுதான். வெளியே ஒரு நேட்டிவ் ஸ்டாக். அதன் முதல் திரையாக நான்கு டேப்களும் சேர்ந்த தொகுதி. நூல் பக்கம், ஆசிரியர் பக்கம், பெரிய படம், திருப்பிக் கொடுக்கும் படிவம் ஆகியவை அதே வெளி ஸ்டாக்கில் டேப் தொகுதிக்கு மேலே வந்து அமர்பவை. இப்படி வைத்ததும் நூல் பக்கம் ஒரே இடத்தில் பதிவாகிறது. டேப் பட்டையைத் திரை முழுமையாக மூடிக்கொண்டு வருகிறது. மறைக்கும் நிபந்தனை எதுவும் தேவையில்லை. நூல் பக்கத்தில் இருக்கும்போது வேறு டேபுக்கு நேரடியாகத் தாவ முடியாது என்பது இதில் உள்ள இழப்பு. எங்கள் உறுப்பினர்களுக்கு அது ஒரு பொருட்டாக இல்லை. கடைச் செயலி போன்ற ஒன்றில், பொருள் பக்கத்திலிருந்தே கூடைக்குப் போக வேண்டிய தேவை இருந்தால், இந்த முடிவை மறுபடி யோசிப்பேன்.

அடுத்தது, ஒரு நூலிலிருந்து இன்னொரு நூலுக்குப் போவது. நூல் பக்கத்தின் அடியில் அதே ஆசிரியரின் பிற நூல்கள் வரிசையாக வரும். அவற்றில் ஒன்றைத் தொட்டால் ‘நேவிகேட்’ கட்டளையால் நூல் திரைக்குப் புதிய நூலின் எண்ணை அனுப்பினேன். திரை மாறியது, எல்லாம் சரியாக இருப்பதுபோலவே தெரிந்தது. பின் பொத்தானை அழுத்தியபோது முந்தைய நூலுக்குப் போகாமல் நேராகப் பட்டியலுக்குப் போனது. காரணம், நாம் இருக்கும் திரையின் பெயரையே மறுபடி நேவிகேட் செய்தால் ஸ்டாக்கில் புதிய திரை சேர்வதில்லை. இருக்கும் திரையின் அளவுருக்கள் (திரைக்கு அனுப்பப்படும் மதிப்புகள்) மட்டுமே மாறுகின்றன. இந்த இடத்தில், எப்போதும் புதிய திரையைச் சேர்க்கும் ‘புஷ்’ கட்டளையைப் பயன்படுத்த வேண்டும். நூலிலிருந்து ஆசிரியர், ஆசிரியரிலிருந்து வேறொரு நூல் என்ற பாதையில் பழைய பதிப்புகள் இன்னும் குழப்பமாக நடந்துகொண்டன. 6ஆம் பதிப்பு வரை, ஸ்டாக்கில் நூல் என்ற பெயரில் ஒரு திரை ஏற்கெனவே கீழே இருந்தால், நேவிகேட் அதற்கே திரும்பிப்போய், இடையிலிருந்த ஆசிரியர் திரையை நீக்கிவிடும். 7ஆம் பதிப்பில் அது மேலே புதிய திரையைச் சேர்க்கிறது; பழைய திரைக்குத் திரும்பித்தான் போக வேண்டுமென்றால் ‘பாப் டு’ என்ற தனிக் கட்டளை இருக்கிறது. சொல்வது ஒன்றும் நடப்பது வேறொன்றும் என்ற நிலை இப்போது இல்லை என்பதால், இந்த மாற்றத்தை நான் முழு மனதோடு வரவேற்கிறேன். இரவல் பதிவு முடிந்ததும் ‘என் இரவல்’ டேபுக்குப் போகும் ஓர் இடத்தில் மட்டும் பாப் டு பயன்படுத்தியிருக்கிறேன். முடிந்துபோன படிவத்துக்குப் பின் பொத்தானால் யாரும் திரும்பிவிடக் கூடாது.

திரைக்கு எதை அனுப்புவது என்பதையும் தொடக்கத்திலேயே முடிவுசெய்ய வேண்டும். பட்டியலில் நூலின் முழு விவரமும் கையில் இருந்ததால், அந்தப் பொருளையே அளவுருவாக அனுப்பினேன்; சேவையகத்தை இன்னொரு முறை கேட்க வேண்டியதில்லை என்பது காரணம். ஒருவர் நூலை இரவல் எடுத்த பிறகும் அவர் திறந்து வைத்திருந்த பக்கம் ‘இருப்பில் உள்ளது’ என்றே காட்டியது, ஏனெனில் அளவுருவில் உறைந்திருந்தது பழைய நகல். அதை நீக்கிவிட்டு நூலின் எண்ணை மட்டும் அனுப்பி, விவரங்களை எல்லாத் திரைகளும் பகிரும் பொதுத் தரவுத் தேக்ககத்திலிருந்து எடுக்கும்படி மாற்றினேன். வெளியிலிருந்து வரும் இணைப்பில் எண்ணைத் தவிர வேறெதுவும் இருக்க முடியாது என்பதால், இந்த மாற்றம் இணைப்பு வேலைக்கும் வழி செய்து தந்தது.

நூல் பக்கத்திலிருந்து பட்டியலுக்குத் திரும்பும்போது பட்டியல் புதுப்பிக்கப்படாததும் இதோடு தொடர்புடையது. மேலே இன்னொரு திரை வந்தாலும் கீழே உள்ள திரை அழிவதில்லை. அது உயிரோடு காத்திருக்கிறது. ஆகையால், திரை உருவாகும்போது தரவை எடுக்கும் ‘யூஸ் எஃபெக்ட்’ திரும்பி வரும்போது மறுபடி ஓடாது. திரை முன்னுக்கு வரும் ஒவ்வொரு முறையும் ஓடுவதற்காகவே ‘யூஸ் ஃபோகஸ் எஃபெக்ட்’ உள்ளது. அதற்குள் கொடுக்கும் செயற்கூற்றை, அது ஒவ்வொரு முறையும் புதிதாக உருவாகாமல் காக்கும் ‘யூஸ் கால்பேக்’ கொண்டு சுற்றியே தீர வேண்டும். சுற்றாவிட்டால் திரை வரையப்படும் ஒவ்வொரு முறையும் அது ஓடும், தரவு வந்ததும் திரை மறுபடி வரையப்படும், மறுபடி ஓடும். சேவையகப் பதிவேட்டில் ஒரே கோரிக்கை நிற்காமல் வந்துகொண்டிருப்பதைப் பார்த்தால் முதலில் இந்த இடத்தைத்தான் சோதிக்க வேண்டும்.

உள்நுழைவைப் பொறுத்தவரை ஒரே ஒரு விதியைப் பின்பற்றினால் போதும்: உள்நுழைந்த பிறகு எந்தத் திரைக்கும் நாமாக நேவிகேட் செய்யக் கூடாது. உறுப்பினர் உள்நுழைந்திருக்கிறாரா என்ற நிலையைப் பொறுத்து, ஸ்டாக்கில் எந்தத் திரைகள் இருக்கின்றன என்பதையே மாற்ற வேண்டும். ஸ்டாட்டிக் முறையில் திரைகளைக் குழுக்களாகப் பிரித்து, ஒவ்வொரு குழுவுக்கும் ‘இஃப்’ என்ற நிபந்தனையைக் கொடுக்கலாம். நிலை மாறியதும் நுழைவுத் திரைகள் தாமாகவே விலகி டேப்கள் வந்துவிடுகின்றன. கணக்கிலிருந்து வெளியேறிய பிறகு பின் பொத்தானை அழுத்திப் பழைய கணக்கைப் பார்ப்பது என்பதற்கே இடமில்லை. அந்த நிலைக்கு ஆம், இல்லை என்ற இரண்டு மதிப்புகள் போதாது. செயலி திறக்கும்போது பாதுகாப்பான சேமிப்பிலிருந்து, உள்நுழைந்ததற்கான அடையாளமான டோக்கனைப் படித்து முடிக்கும் வரை ‘இன்னும் தெரியவில்லை’ என்ற மூன்றாவது மதிப்பும் வேண்டும். அதுவரை தொடக்கப் படத்தை விலக்காமல் பிடித்து வைக்க வேண்டும். இல்லையென்றால் ஏற்கெனவே உள்நுழைந்தவருக்கும் ஒரு கணம் நுழைவுத் திரை மின்னி மறையும்.

திருப்பிக் கொடுக்கும் படிவத்தில் நூலின் நிலையைப் பற்றிய குறிப்பும் ஒரு படமும் சேர்க்கலாம். பாதி நிரப்பிய நிலையில் கைதவறிப் பின்னால் போய்விட்டால் அத்தனையும் போய்விடும் என்பதால், ‘விட்டுவிட்டுச் செல்லவா’ என்று கேட்கும் தடுப்பு வைத்தேன். நேட்டிவ் ஸ்டாக்கில் இதற்கு ‘யூஸ் பிரிவென்ட் ரிமூவ்’ என்ற ஹூக்தான் ஏற்றது. ‘பிஃபோர் ரிமூவ்’ நிகழ்வைப் பிடித்து நிறுத்தும் பழைய முறையை நேட்டிவ் ஸ்டாக்கில் நம்ப முடியாது. ஐபோனில் இடது விளிம்பிலிருந்து இழுத்துப் பின்னால் செல்லும் அசைவு நேட்டிவ் பக்கத்திலேயே முடிந்துவிடுவதால், திரை போய்விட்டது என்று நேட்டிவ் பக்கமும் இருக்கிறது என்று நம் நிரலும் நினைத்துக்கொள்ளும் நிலை வரக்கூடும். ஆண்ட்ராய்டில், பின்னால் இழுக்கும்போதே அடுத்து வரப்போகும் திரையைக் காட்டும் வசதி, ஆண்ட்ராய்டு 16ஐ இலக்காகக் கொண்ட செயலிகளுக்கு இயல்பாகவே இயக்கப்படுகிறது. அதன் பிறகு, பின்னால் செல்வதைக் கையாளும் பழைய ‘ஆன் பேக் பிரெஸ்டு’ அழைக்கப்படுவதில்லை. நேட்டிவ் பக்கத்தில் அதை நேரடியாகக் கையாளும் பழைய பேக்கேஜ் எதையாவது பயன்படுத்துபவர்கள் இலக்குப் பதிப்பை உயர்த்துவதற்கு முன் இதைச் சோதித்துக்கொள்ள வேண்டும்.

டேப் பட்டையில் தமிழ் எழுத்துகளைப் பொருத்துவதற்கு நான் எதிர்பார்த்ததைவிட மிகுந்த கவனம் தேவைப்பட்டது. எங்கள் உறுப்பினர்களிடையே பரவலாக உள்ள போன்களில் திரையின் அகலம் 360 டிபி (ஆண்ட்ராய்டின் திரை அளவலகு). நான்கு டேப்களுக்குப் பிரித்தால் ஒன்றுக்கு 90 டிபி. முதலில் வைத்திருந்த பெயர்கள் நூல்கள், என் இரவல், அறிவிப்புகள், கணக்கு. இயல்பான எழுத்தளவில் நான்கும் அடங்கின. போனின் அமைப்பில் எழுத்தளவைப் பெரிதாக்கியதும் ‘அறிவிப்புகள்’ பாதியில் வெட்டுண்டு மூன்று புள்ளிகளுடன் நின்றது. டேபின் எழுத்து மட்டும் போனின் எழுத்தளவைப் பின்பற்றாதபடி நிறுத்திவைக்க ஓர் அமைப்பு உண்டு. அதை நான் பயன்படுத்தவில்லை. எங்கள் வாசகர்களில் பலர் அறுபதைக் கடந்தவர்கள். அவர்கள் எழுத்தைப் பெரிதாக்கியிருப்பது படிப்பதற்காகத்தான். ஆகவே பெயரை ‘செய்தி’ என்று சுருக்கினேன். நூல் தலைப்புகளைக் காட்டும் இடத்தில் இன்னொன்றையும் கவனித்தேன். வரி உயரத்தை எழுத்தளவுக்கு மிக நெருக்கமாக வைத்தால் ஆண்ட்ராய்டில் ‘கீ’, ‘ரீ’ போன்ற எழுத்துகளின் மேல்சுழி வெட்டுப்படுகிறது. 16 அளவு எழுத்துக்கு 20 வரி உயரம் போதவில்லை. 26 வைத்ததும் சரியானது. ஆங்கிலத் தலைப்புகளை மட்டும் வைத்துச் சோதித்தால் இது கண்ணில் படாது.

இனி வெளி இணைப்பு. இணைப்பு முகவரியில் எச்டிடிபிஎஸ் வரும் இடத்தில் செயலிக்கென்று ஒரு சொந்த முன்னொட்டை வைத்துக்கொள்வது எளிது. ஆனால் வாட்ஸ்அப் செய்தியில் அத்தகைய முகவரி தொடக்கூடிய இணைப்பாக மாறுவதில்லை. ஆகவே எச்டிடிபிஎஸ் முகவரியே வேண்டும். அதற்கு நமக்குச் சொந்தமான ஒரு டொமைனும், அதில் ‘வெல்-நோன்’ கோப்புறைக்குள் ‘அசெட்லிங்க்ஸ்’ என்ற ஜேசன் கோப்பும் தேவை. செயலியின் பேக்கேஜ் பெயரும், அது கையொப்பமிடப்பட்ட சான்றிதழின் எஸ்எச்ஏ-256 கைரேகையும் (சான்றிதழை அடையாளம் காட்டும் எழுத்துவரிசை) அந்தக் கோப்பில் இருக்க வேண்டும். வேறு முகவரிக்குத் திருப்பிவிடாமல் நேரடியாகக் கிடைக்க வேண்டும். ஆண்ட்ராய்டு 12 முதல், இப்படிச் சரிபார்க்கப்படாத முகவரிகள் செயலியில் திறக்காமல் உலாவியில்தான் திறக்கின்றன. எக்ஸ்போவின் ஆயத்தச் சோதனைச் செயலியான எக்ஸ்போ கோவுக்குள் இதைச் சோதிக்க முடியாது. நம் செயலியையே சோதனைக்காக நிறுவும் டெவலப்மென்ட் பில்டு எடுத்தாக வேண்டும்.

மடிக்கணினியிலிருந்து நிறுவிய பில்டில் இணைப்பு சரியாகத் திறந்தது. அதே நிரலைப் பிளே ஸ்டோரின் மூடிய சோதனைக்கு ஏற்றி, அங்கிருந்து நிறுவியபோது திறக்கவில்லை, உலாவிக்கே போனது. நிரலில் ஒரு வரியும் மாறவில்லை. போனை யூஎஸ்பியில் இணைத்து, கணினியிலிருந்து போனுக்குக் கட்டளையிடும் ஏடிபி ஷெல்லில் ‘பிஎம் கெட் ஆப் லிங்க்ஸ்’ கட்டளையைப் பேக்கேஜ் பெயருடன் கொடுத்துப் பார்த்தேன். ‘வெரிஃபைடு’ என்று வர வேண்டிய இடத்தில் சரிபார்ப்பு தோற்றதைக் காட்டும் 1024 என்ற எண் வந்தது. பிளே ஸ்டோரில் நாம் ஏற்றும் கோப்பை நம் சாவியால் கையொப்பமிடுகிறோம். ஆனால் பயனாளிக்குப் போகும் செயலியைக் கூகுள் தன்னிடம் வைத்திருக்கும் வேறொரு சாவியால் கையொப்பமிட்டு அனுப்புகிறது. கைரேகையும் வேறாகிவிடுகிறது. பிளே கன்சோலில் ஆப் சைனிங் பக்கத்தில் உள்ள கைரேகையை நகலெடுத்து, பழையதை நீக்காமல் அதனோடு சேர்த்துக் கோப்பில் எழுதினேன்; ஒரே கோப்பில் பல கைரேகைகள் இருக்கலாம். பிறகு மறுசரிபார்ப்புக் கட்டளையைக் கொடுத்ததும் ‘வெரிஃபைடு’ என்று வந்தது. அடுத்த செயலியில் மற்ற எதையும் தொடங்குவதற்கு முன்பே ஒரு வெற்றுச் செயலியைப் பிளே கன்சோலில் ஏற்றி இந்தக் கைரேகையை வாங்கி வைத்துக்கொள்வேன்.

இணைப்பு திறந்த பிறகும் இரண்டு வேலைகள் இருந்தன. முதலாவது, முகவரியிலிருந்து வரும் நூல் எண் எழுத்துச் சரமாக வருகிறது. பட்டியலிலிருந்து அனுப்பும்போது அது எண்ணாக இருந்தது. தேக்ககத்தில் 42 என்ற எண்ணுக்கு எதிராக ‘42’ என்ற சரத்தை மதிப்பின் வகையையும் பார்க்கும் மூன்று சமக்குறிகளால் ஒப்பிட்டால் பொருந்தாது. ஆகவே இணைப்பில் வந்தவர்களுக்கு மட்டும் ‘நூல் கிடைக்கவில்லை’ என்று காட்டியது. முகவரியைத் திரையோடு பொருத்தும் லிங்க்கிங் அமைப்பில், அந்தத் திரைக்கு ‘பார்ஸ்’ என்பதன் கீழ் எண்ணாக மாற்றும்படி எழுதினால் போதும். இரண்டாவது, பின் பொத்தான். இணைப்பின் வழி வந்தால் ஸ்டாக்கில் நூல் பக்கம் மட்டுமே இருக்கும். பின்னால் போக எதுவும் இல்லாததால் செயலியே மூடிக்கொள்ளும். லிங்க்கிங் அமைப்பில் ‘இனிஷியல் ரூட் நேம்’ என்பதற்கு டேப் தொகுதியின் பெயரைக் கொடுத்ததும், நூல் பக்கத்துக்கு அடியில் டேப்கள் தாமாகவே வந்து அமர்ந்தன. உள்நுழையாத ஒருவர் இணைப்பைத் தொட்டால், வந்த முகவரியைச் சேமித்து வைத்து, உள்நுழைந்து டேப்கள் வந்த பிறகு அதைத் திறக்கிறேன்.

வேகத்தை 2 ஜிபி ரேம் உள்ள ஒரு பழைய போனில் சோதித்தேன். டெவலப்மென்ட் நிலையில் எல்லாமே மெதுவாகத்தான் இருக்கும். ரிலீஸ் பில்டில் பார்த்து மட்டுமே முடிவுக்கு வர வேண்டும். அதிலும் நூல் பக்கம் நுழையும்போது அசைவு தடுமாறியது. திரை உள்ளே வரும்போதே பிற நூல்களின் வரிசையும் அட்டைப் படங்களும் வரையப்படுவதுதான் காரணம். முதலில் தலைப்பும் ஆசிரியர் பெயரும் மட்டும் வரைந்து, நேட்டிவ் ஸ்டாக் தரும் ‘ட்ரான்சிஷன் எண்ட்’ நிகழ்வுக்குப் பிறகு மீதியை வரையும்படி பிரித்ததும் தடுமாற்றம் நின்றது. போனின் டெவலப்பர் ஆப்ஷன்ஸில், வெளியே போனதும் செயலியின் திரையை அழித்துவிடும் ‘டோன்ட் கீப் ஆக்டிவிட்டீஸ்’ என்பதை இயக்கிவிட்டு, செயலியிலிருந்து வெளியே போய்த் திரும்பி வந்தும் பார்க்க வேண்டும். எக்ஸ்போ இல்லாமல் ரியாக்ட் நேட்டிவை நேரடியாகப் பயன்படுத்துபவர்கள் மெயின் ஆக்டிவிட்டி கோப்பில் ‘ஆன் கிரியேட்’டுக்கு ‘நல்’ (வெற்று மதிப்பு) அனுப்பும் மாற்றத்தைச் செய்திராவிட்டால், செயலி நொறுங்கி விழுவது இந்தச் சோதனையில் தெரிந்துவிடும். எக்ஸ்போ வார்ப்புருவில் அது ஏற்கெனவே செய்யப்பட்டிருக்கிறது.

செலவைப் பொறுத்தவரை, பிளே கன்சோலுக்கு ஒரே முறை 25 டாலர். டொமைனுக்கு ஆண்டுக் கட்டணம். ரியாக்ட் நேவிகேஷனும் எக்ஸ்போவும் இலவசம். 2023 நவம்பர் 13க்குப் பிறகு தொடங்கிய தனிநபர் கணக்கு என்றால், பொதுவில் வெளியிடுவதற்கு முன் 12 பேர் தொடர்ந்து 14 நாள் மூடிய சோதனையில் இருக்க வேண்டும். வாசகர் வட்டத்திலிருந்தே அத்தனை பேர் முன்வந்தார்கள்; எழுத்து வெட்டுண்டதை முதலில் கண்டு சொன்னதும் அவர்களில் ஒருவர்தான்.

ஐபோனுக்கான வேலை பாதியில் இருக்கிறது. நண்பர் ஒருவரின் மேக்கில் சிமுலேட்டரில் செயலியை இயக்கிப் பார்த்ததில் ஸ்டாக், டேப், படிவத் தடுப்பு மூன்றும் ஒழுங்காக இயங்குகின்றன. ஆனால் ஐபோனில் எச்டிடிபிஎஸ் இணைப்பு திறக்க ‘அசோசியேட்டட் டொமைன்ஸ்’ அனுமதி வேண்டும். அதற்கு ஆண்டுக்கு 99 டாலர் செலுத்தும் டெவலப்பர் கணக்கு வேண்டும். ‘ஆப்பிள்-ஆப்-சைட்-அசோசியேஷன்’ கோப்பைப் பின்னொட்டு இல்லாமல் அதே ‘வெல்-நோன்’ கோப்புறையில் எழுதி வைத்திருக்கிறேன். அந்தக் கணக்குடன் கிடைக்கும் டீம் ஐடி வர வேண்டிய இடம் மட்டும் காலியாக உள்ளது. வட்டத்தின் அடுத்த கூட்டத்தில் அந்தத் தொகைக்கு ஒப்புதல் கிடைத்தால் அதை நிரப்பிவிட்டு, ஐபோன் வைத்திருப்பவர்களைக் கொண்டு சோதனையைத் தொடங்கலாம்.